லக்ரேஸை நனோ இழையில் நிலைப்படுத்தல்: பாய் தண்ணீரில் கரைகிறது, மாரியில் இழையே வரவில்லை

வந்தாறுமூலை_மாணவி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எருமைப் பாலில் உள்ள லக்ரோஸை உடைக்க லக்ரேஸ் நொதியத்தைப் பல்பகுதிய நனோ இழைக்குள் நிலைப்படுத்தப் பார்க்கிறேன். கொழுப்பு நீக்கிய பாலை 4 முதல் 8 பாகை செல்சியஸில் ஒரு சிறு குழாய் வழியாக ஓடவிட வேண்டும். அதே இழைப் பாயைக் குறைந்தது பத்துத் தடவை பாவிக்க வேண்டும்.

செய்த விதம்: 87–89% நீராற்பகுக்கப்பட்ட பிவிஏ (பொலிவைனைல் அற்ககோல் என்ற பல்பகுதியம்), தண்ணீரில் 10%. அந்தக் கரைசல் 10 மி.லீ.க்கு, கடையில் திரவமாக வரும் குளுய்வரோமைசிஸ் லக்டிஸ் என்ற மதுவத்தின் லக்ரேஸ் 1 மி.லீ. நேரடியாகக் கலந்தேன். தாங்கல் கரைசல் சாதாரண சோடியம் பொசுபேற்று, பிஎச் 7. எலெக்ட்ரோஸ்பின்னிங் (உயர் மின்னழுத்தத்தால் கரைசலை இழையாக நூற்றல்) 18 கிலோவோல்ட், ஊசி முனைக்கும் சேகரிப்பானுக்கும் 12 சென்ரிமீற்றர், மணிக்கு 1 மி.லீ. பிறகு உலர்த்திக் கண்ணாடிப் பாத்திரத்தில் பல்பகுதியச் சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைக்க 25% குளூட்டரால்டிகைட்டு 10 மி.லீ. வைத்து, அதன் ஆவியில் 6 மணிநேரம். நொதியம் பழுதாகிவிடும் என்று அமிலம் சேர்க்கவில்லை.

பாயை பிஎச் 7 கரைசலில் போட்டால் பத்து நிமிடத்தில் ஜெலி மாதிரி ஆகிறது. ஓஎன்பிஜி (லக்ரேஸ் உடைத்தால் மஞ்சள் தரும் பொருள்) சோதனையில் மஞ்சள் நன்றாக வருகிறது, ஆனால் பாயை எடுத்த பிறகும் கரைசலில் மஞ்சள் கூடிக்கொண்டே போகிறது. இரண்டாவது தடவைக்குப் பாயில் தொழிற்பாடு அனேகமாக இல்லை. இதோடு ஒக்டோபர் கடைசியில் மழை தொடங்கியதிலிருந்து அலுமினியத் தாளில் இழை விழாமல் ஈரத் திட்டுகள்தான் விழுகின்றன. ஓகஸ்டில் இதே கரைசல் நல்ல வெள்ளைப் பாயாக வந்தது.

எதை முதலில் திருத்த வேண்டும்?

---

வாவிக்கரை

தங்கச்சி, உங்கட செய்முறையில் நாலு இடம் உதைக்குது. நாலும் சேர்ந்துதான் அந்த ஜெலி.

பிவிஏயின் தரத்தைப் பாருங்க. போத்தலில் உள்ள 87–89% என்பது, அசற்றேற்றுக் கூட்டங்களில் எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது என்ற கணக்கு. வெட்டப்படாமல் நிற்கும் 11–13% சங்கிலிகளை நெருங்கி அடுக்குப்பட விடாது. அதனால் அது குளிர்ந்த தண்ணீரிலேயே கரையும். 98–99% தரம் வாங்குங்க. அது 85–90 பாகைச் சூடு இல்லாமல் கரையாது. ஆனாலும் 300 நனோமீற்றர் தடிப்புள்ள இழை மெல்லியது, அந்தத் தரத்திலும் குறுக்குப் பிணைப்பு இல்லாமல் ஊதி ஒன்றோடொன்று ஒட்டும்.

அடுத்தது அமிலம். பிவிஏயில் இருப்பவை ஐதரொட்சில் கூட்டங்கள். குளூட்டரால்டிகைட்டு அவற்றோடு சேர்ந்து அசற்றலாக மாற அமிலம் வேண்டும். அமிலம் இல்லாத ஆவியில் 6 மணிநேரம் வைத்ததில், நீங்க சேர்த்த புரதத்தின் அமைன்கள்தான் பெரும்பாலும் தாக்கப்பட்டிருக்கும். பிவிஏ சங்கிலிகள் கட்டுப்படவே இல்லை. இழை பலப்படாமல் நொதியம்தான் அடிவாங்கியிருக்கு.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. கடையில் வரும் திரவ லக்ரேஸில் பாதியளவு கிளைசரோல் இருக்கும், நொதியம் குளிரில் பழுதாகாமல் இருக்கச் சேர்ப்பது. கிளைசரோல் ஆவியாகாது. இழைக்குள் நின்றுகொண்டு ஈரத்தை இழுக்கும், பிவிஏயை மெதுமையாக்கும், போதாததற்கு அதன் ஐதரொட்சில் கூட்டங்கள் அல்டிகைட்டையும் தின்னும். 12–14 கிலோடால்டன் (மூலக்கூற்றுத் திணிவு) வரை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் போட்டு, 100 மடங்கு தாங்கல் கரைசலுக்கு எதிராக 4 பாகையில் இரவு முழுக்க வையுங்க. இடையில் இரண்டு தடவை கரைசலை மாற்றுங்க. இந்த லக்ரேஸின் ஒரு துணையலகே ஏறக்குறைய 119 கிலோடால்டன், பையைத் தாண்டிப் போகாது. கிளைசரோல் வெளியேறும்போது உள்ளே தண்ணீர் ஏறும், பையில் மூன்றில் ஒரு பங்கு இடம் வெறுமையாக விட்டுக் கட்டுங்க.

கடைசியாக, சோடியம். குளுய்வரோமைசிஸ் லக்ரேஸுக்குப் பொற்றாசியமும் மகனீசியமும் வேண்டும். சோடியம் அதை மந்தமாக்கும். 50 மில்லிமோலர் பொற்றாசியம் பொசுபேற்று, பிஎச் 6.8, மகனீசியம் குளோரைட்டு 1 மில்லிமோலர் என்று மாற்றுங்க. ஈடிரிஏ கிட்டவும் வரக்கூடாது, மகனீசியத்தைப் பிடுங்கிவிடும். திரிஸ் தாங்கலும் வேண்டாம். அதில் அமைன் உண்டு, குளூட்டரால்டிகைட்டைத் தானே விழுங்கும்.

இனி என் கருத்து. நொதியத்தை இழைக்குள் வைத்து நூற்பதை விடுங்க. முதலில் இழையை நன்றாகப் பலப்படுத்துங்க, நொதியம் இல்லாததால் அமிலத்துக்கும் சூட்டுக்கும் பயப்படத் தேவையில்லை. பிறகு இழையின் வெளிப்பரப்பில் நொதியத்தைக் கட்டுங்க. நனோ இழையின் பலமே அதன் பரப்புத்தான். 300 நனோமீற்றர் இழை ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 10 சதுர மீற்றர் பரப்புத் தரும். அதே பொருளில் துளையில்லாத ஒரு மில்லிமீற்றர் மணி செய்தால் கிராமுக்கு 0.005 சதுர மீற்றர்கூட வராது. இவ்வளவு பரப்பு வெளியே இருக்கும்போது நொதியத்தை உள்ளே புதைத்தால் லக்ரோஸ் உள்ளே போகவும் குளூக்கோசு வெளியே வரவும் கஷ்டப்படும்.

செய்முறை இது.

98–99% பிவிஏயைக் குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் தூவி அரை மணிநேரம் ஊறவிட்டு, 90 பாகையில் 2–3 மணிநேரம் கலக்கி 10% கரைசல் செய்யுங்க. சூடான நீரில் நேரே கொட்டினால் கட்டி பிடிக்கும். இன்னொரு பாத்திரத்தில் 2% அசற்றிக் அமிலத்தில் 3% கைட்டோசான் (இறால் கோதிலிருந்து எடுக்கும் பல்பகுதியம்), அசற்றைல் நீக்கம் 85%க்குக் குறையாதது. பிவிஏ கரைசல் 9 மி.லீ., கைட்டோசான் கரைசல் 3.3 மி.லீ. சேர்த்தால் திண்மத்தில் 90க்கு 10 விகிதம். இரவு கலக்கி, குமிழி போக வைத்துவிட்டு நூற்கலாம். கைட்டோசான்தான் அமைன் தருகிறது, நொதியத்தைப் பிடிக்கும் கொளுக்கி அதுதான். விகிதத்தைக் கூட்டினால் கொளுக்கி கூடும், ஆனால் 20%க்கு மேல் போனால் கரைசலின் மின்கடத்தல் கூடி இழையில் மணிகள் (உருண்டை முடிச்சுகள்) விழத் தொடங்கும். வாவி இறால் கோதிலிருந்து கைட்டோசான் செய்து பாவிக்க நினைத்தால், முதல் தடவை அதை இதற்குள் கொண்டுவராதீங்க. மூலக்கூற்றுத் திணிவு தொகுதிக்குத் தொகுதி மாறும், இழை வராததற்குக் காரணம் பிடிக்க முடியாது.

22 கேஜ் ஊசி, 15–18 கிலோவோல்ட், 14 சென்ரிமீற்றர், மணிக்கு 0.4 மி.லீ. பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் தாளுக்கு 1 மி.லீ. கரைசல் போதும். இரண்டரை மணிநேரத்தில் ஏறக்குறைய 80 மி.கி., 30 மைக்ரோமீற்றர் தடிப்பு. அதைவிடத் தடிப்பாக்க ஆசைப்படாதீங்க.

குறுக்குப் பிணைப்பு: உலர்த்திக்குள் ஒரு கிண்ணத்தில் 25% குளூட்டரால்டிகைட்டு 10 மி.லீ., இன்னொரு கிண்ணத்தில் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் 1 மி.லீ., 12 மணிநேரம். எல்லாம் பியூம் கூட்டுக்குள். இந்த ஆவி மூச்சுக்குழாயில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒரு தடவை வந்தால் பிறகு சிறிதளவுக்கும் இழுப்பு வரும். வெளியே எடுத்து 60 பாகை வெற்றிட அடுப்பில் 5 மணிநேரம். ஒரு துண்டை நிறுத்து, தண்ணீரில் 24 மணிநேரம் போட்டு, உலர்த்தி மறுபடி நிறுங்க. 10%க்கு மேல் குறைந்தால் மற்றப் பாய்களை இன்னும் 12 மணிநேரம் வையுங்க. இந்தச் சோதனையில் தேறாத பாயில் நொதியத்தை வீணாக்காதீங்க.

நொதியம் கட்டுவது: பாயைப் பொற்றாசியம் பொசுபேற்று பிஎச் 7.5இல், கழுவும் நீர் பிஎச் 7.5இலேயே நிற்கும்வரை கழுவுங்க. பிறகு அதே தாங்கலில் 2.5% குளூட்டரால்டிகைட்டு, 1 மணிநேரம். கழுவுங்க. ஒரு மூலையை வெட்டிச் சிவ் சோதனைப் பொருளில் போட்டால் ஊதாச் சிவப்பு வரவேண்டும், வந்தால் பரப்பில் அல்டிகைட்டு இருக்கிறது. கழுவிய நீரில் அந்த நிறம் வரக்கூடாது. வந்தால் இன்னும் கழுவுங்க, இல்லாவிட்டால் மிச்சம் நிற்கும் அல்டிகைட்டு கரைசலில் உள்ள நொதியத்தை ஒன்றோடொன்று ஒட்டித் துகளாக்கும். டயாலிசிஸ் செய்த நொதியம் மி.லீ.க்கு 1 மி.கி. புரதம், 50 மில்லிமோலர் கலக்ரோசு சேர்த்து, 4 பாகையில் 14 மணிநேரம் மெல்லிய குலுக்கல். லக்ரோஸ் உடைந்து வரும் சீனிகளில் ஒன்றான கலக்ரோசு, நொதியத்தின் உயிர்ப்பு மையத்தில் (லக்ரோஸ் உடையும் இடத்தில்) உட்கார்ந்து அந்த இடம் இழையில் ஒட்டாமல் காக்கும். பிறகு 0.5 மோலர் பொற்றாசியம் குளோரைட்டு உள்ள தாங்கலில் மூன்று தடவை கழுவி, 0.1 மோலர் கிளைசீனில் ஒரு மணிநேரம் வைத்து மீதி அல்டிகைட்டை மூடிவிடுங்க.

---

ஒலுவில்_இழை

நாநா சொன்ன செய்முறை சரி. நான் மழைப் பிரச்சினைக்கு மட்டும் வாறன்.

ஓகஸ்டில் வந்தது, இப்ப வரல்ல என்பதிலேயே விடை இருக்கு. கச்சான் அடிக்கிற மாதங்களில் பகலில் காற்று காய்ந்து கிடக்கும். மாரியில் நம்மட கரையோரத்தில் சாரீரப்பதன் 80%ஐத் தாண்டும். ஊசி முனையிலிருந்து தாளுக்குப் போகும் கண நேரத்தில் தாரையிலுள்ள தண்ணீர் ஆவியாகினால்தான் இழை. காற்றே ஈரத்தால் நிரம்பியிருந்தால் தண்ணீர் போக இடமில்லை, தாரை ஈரமாகவே தாளில் விழுந்து ஒட்டிப் படலமாகும். பிவிஏ கரைசலுக்கு 60%க்கு மேல் போனாலே சிக்கல். 35–45% வைத்திருக்கப் பாருங்க. 25%க்குக் கீழே போகவும் கூடாது, ஊசி முனையில் கரைசல் காய்ந்து கட்டி அடைக்கும்.

60 சென்ரிமீற்றர் சதுரப் பெட்டி போதும். தட்டில் 2 கிலோ நீலச் சிலிக்கா ஜெல். ரோசாப்பூ நிறமாக மாறியதும் 120 பாகை அடுப்பில் மூன்று மணிநேரம் வைத்தால் திரும்ப நீலமாகும், இரண்டு தொகுதி வைத்து மாற்றி மாற்றிப் பாவியுங்க. அறையில் ஏசியை உலர் நிலையில் ஓடவிட்டால் சிலிக்காவின் வேலை பாதியாகும். ஈரமானியைச் சேகரிப்பான் பக்கத்தில் வையுங்க, கதவுக்கிட்ட வைத்தால் பொய்க் கணக்குத் தரும். பெட்டிக்குள் மின்விசிறி வேண்டாம், தாரை அலையும். அக்ரிலிக் சுவரில் மின்னூட்டம் தேங்கி இழையைத் தன் பக்கம் இழுக்கும். ஊசியைச் சுவரிலிருந்து 20 சென்ரிமீற்றராவது தள்ளி வையுங்க.

மணிக்கு 1 மி.லீ. என்பது வரண்ட காற்றிலும் அதிகம்தான். பெட்டி தயாராகும்வரை ஓட்டத்தை 0.3க்குக் குறைத்து, தூரத்தை 16–18க்குக் கூட்டிப் பாருங்க. தூரம் கூட்டினால் வோல்ட்டையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் முதல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கண்ணாடித் தகட்டில் பிடித்து 400 மடங்கு நுணுக்குக்காட்டியில் பாருங்க. இழையின் தடிப்பை அதில் அளக்க முடியாது, ஆனால் மணி விழுகிறதா ஒட்டுகிறதா என்பது தெளிவாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் தாளை மாட்டுங்க. எலெக்ட்ரோன் நுணுக்குக்காட்டிக்கு மாதிரி அனுப்புவதென்றால், உலர்ந்த பாயோடு 24 மணிநேரம் நனைத்து உலர்த்திய பாயையும் அனுப்புங்க. இரண்டாவது படம்தான் உங்களுக்கு வேணும்.

மழையோடு கரண்ட் போகும். உயர் அழுத்த மின்வழங்கி நின்று சிரிஞ்சுப் பம்பு மட்டும் பற்றரியில் ஓடினால் பாய் முழுக்கச் சொட்டு விழும், இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டுங்க. நிறுத்திய பிறகும் ஊசியில் மின்னூட்டம் நிற்கும். புவித்தொடுப்புக் கம்பி கட்டிய நீளக் கோலால் ஊசியைத் தொட்ட பிறகுதான் கையை உள்ளே விடணும்.

---

வந்தாறுமூலை_மாணவி

அண்ணன், நாநா, இரண்டு பேருக்கும் நன்றி. 98–99% பிவிஏயும் கைட்டோசானும் கலந்து, பெட்டிக்குள் 42% ஈரப்பதனில் நூற்றேன். பாய் வெள்ளையாக வந்தது. 24 மணிநேரம் தண்ணீரில் வைத்தபோது நிறை 6% மட்டும் குறைந்தது.

30 மி.கி. பாய்க்கு மி.லீ.க்கு 1 மி.கி. நொதியம் 2 மி.லீ. கொடுத்தேன். மிச்சக் கரைசலிலும் கழுவிய நீரிலும் சேர்த்து 1.4 மி.கி. புரதம். ஆக 0.6 மி.கி. பாயில் இருக்க வேண்டும். கொடுத்த தொழிற்பாடு 200 அலகு (நிமிடத்துக்கு 1 மைக்ரோமூல் உடைத்தால் 1 அலகு), பாயில் அளந்தது 24 அலகு. 12%தானே, இது தோல்வியா? இன்னொன்று, ஓஎன்பிஜியில் 37 பாகையில் நன்றாக இருப்பது 6 பாகைப் பாலில் மிக மெதுவாக இருக்கிறது. பாயும் மஞ்சளாகவே நிற்கிறது.

---

சம்மாந்துறை_பகுப்பாய்வு

12% என்று எழுதினால் உங்களுக்கே அநியாயம் செய்றீங்க, தங்கச்சி. பாயில் ஏறாத நொதியத்தைப் பாயின் கணக்கில் போடக் கூடாது. கொடுத்த புரதத்தில் 30% ஏறியிருக்கு, அது ஒரு எண். மிச்சக் கரைசலிலும் கழுவிய நீரிலும் தொழிற்பாடு எவ்வளவு என்று அளந்தீங்களா? 140 அலகு வந்தால் பாயில் போனது 60. அதில் 24 வெளியே தெரியுது என்றால் ஏறிய நொதியத்தின் 40% வேலை செய்யுது. அல்டிகைட்டில் கட்டிய லக்ரேஸுக்கு அது மோசமில்லை. மிச்சத்தில் 100 அலகுதான் இருக்கென்றால் கதை வேற. அப்ப நொதியம் கரைசலிலேயே பழுதாகுது. இதைப் பிரித்தறிய, பாய் போடாத நொதியக் கரைசல் ஒரு குழாயில் அதே 14 மணிநேரம் அதே 4 பாகையில் கிடக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக் குழாய் இல்லாமல் எந்தச் சதவீதத்தையும் நம்பாதீங்க.

0.6 மி.கி. 30 மி.கி.யில் என்றால் கிராமுக்கு 20 மி.கி. பரப்பு கிராமுக்கு 10 சதுர மீற்றர், புரதம் ஒற்றை அடுக்காக சதுர மீற்றருக்கு 2–3 மி.கி. பிடிக்கும். ஆக 20–30 எதிர்பார்க்கலாம், உங்கட எண் அதற்குள் நிற்குது. ஒரு நாள் 80, 100 என்று வந்தால் சந்தோசப்படாமல் சந்தேகப்படுங்க. அடுக்கடுக்காக ஒட்டிய புரதம் அது, கழுவக் கழுவப் போகும். புரதம் அளக்கும் பிராட்போர்ட் சோதனைக்குள் ட்ரைட்டன் போன்ற சவர்க்காரப் பொருள் வந்தாலும் எண் பொய்யாகும்.

கசிவுச் சோதனையைக் கட்டாயம் செய்ங்க, முதல் பாயில் தற்செயலாக நீங்க கண்டதே அதுதான். ஓஎன்பிஜி கரைசலில் பாயைப் போட்டு 5 நிமிடம், பாயைத் தூக்கிவிட்டு, அதே கரைசலை இன்னும் 20 நிமிடம் 37 பாகையில் விடுங்க. 5ஆம் நிமிட அகத்துறிஞ்சலும் 25ஆம் நிமிட அகத்துறிஞ்சலும் ஒன்றாக இருந்தால் நொதியம் பாயில்தான் இருக்கு. ஒவ்வொரு சுழற்சியிலும் இதைச் செய்யாமல் பத்துத் தடவை பாவித்தேன் என்று சொல்ல முடியாது.

பாய் மஞ்சளாக நிற்பது, உண்டான நைத்திரோபீனோல் கைட்டோசானில் ஒட்டுவதால். அதன் பிகேஏ (பாதி நிறமுள்ள வடிவுக்கு மாறும் பிஎச்) ஏறக்குறைய 7.2, பிஎச் 7இல் பாதிக்கு மேல் நிறமில்லாத வடிவில் இருக்கும். அதனால் 1 மி.லீ. தாக்கக் கரைசலுக்கு 1 மி.லீ. 1 மோலர் சோடியம் காபனேற்று சேர்த்து, பாயோடு சேர்த்தே 5 நிமிடம் குலுக்கி, பிறகு பாயை எடுத்து 420 நனோமீற்றரில் அளவுங்க. தாக்கம் முடிந்த இடத்தில் சோடியம் வருவதால் கெடுதல் இல்லை. ஆனால் அந்தத் துண்டு அத்தோடு முடிந்தது, பிஎச் 11ஐப் பார்த்த நொதியம் திரும்பாது. மறுபாவனைக்கு வேற துண்டு வையுங்க, அதில் கரைசலை மட்டும் எடுங்க.

கணக்கு இப்படி: அந்த 2 மி.லீ.யில் அகத்துறிஞ்சல் 0.45 என்றால், 4500ஆல் பிரிக்க 0.1 மில்லிமோலர். 2 மி.லீ.யில் 0.2 மைக்ரோமூல். 10 நிமிடத் தாக்கம் என்றால் நிமிடத்துக்கு 0.02, அதாவது 0.02 அலகு. 24 அலகுள்ள பாயை இப்படி முழுதாக அளக்க முடியாது, மானி நிரம்பிவிடும். 2–3 மி.கி. துண்டு வெட்டி, 20 மி.லீ.யில் போட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை 0.1 மி.லீ. எடுங்க. நேர்கோடு வளையத் தொடங்குமுன் உள்ள சாய்வை மட்டும் எடுங்க.

குலுக்கல் வேகத்தை 80இலிருந்து 160க்குக் கூட்டினால் வேகம் கூடுதா? கூடினால் தடையாக நிற்பது இழையைச் சுற்றி நிற்கும் நீர்ப்படலம், நொதியத்தின் பேரில் குற்றமில்லை. தடிப்புப் பாதியான பாயில் ஒரு மி.கி.க்கான வேகம் கூடுதா? கூடினால் பாயின் நடுவில் இருக்கும் நொதியத்துக்குக் கீழ்ப்படை (அது உடைக்கும் பொருள்) போய்ச் சேரல்ல.

பாலில் மெதுவாக இருப்பது எதிர்பார்த்ததுதான். ஓஎன்பிஜி வேறு கீழ்ப்படை, 37 பாகை வேறு வெப்பநிலை, விடுபடும் கலக்ரோசும் நொதியத்தைத் தடுக்கும். 5% லக்ரோஸ் கரைசலில் 6 பாகையில் நேரடியாக அளந்த எண்ணைத்தான் குழாய்க் கணக்குக்கு எடுக்க வேண்டும். குளூக்கோசை ஒட்சிடேசுப் பரிசோதனைப் பொதியால் அளவுங்க. சீனி வருத்தக்காரர் பாவிக்கும் பட்டியையும் சிலர் எடுப்பார்கள். லக்ரோஸ் முழுக்க உடைந்தால் பாலில் குளூக்கோசு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 2500 மி.கி. வரும், பெரும்பாலான மானிகள் 600இல் நின்றுவிடும். பத்து மடங்கு ஐதாக்கி, அதே ஐதாக்கலில் நியம வளையி போட்டால் மட்டும் பாவிக்கலாம். சில வகைப் பட்டிகள் கலக்ரோசையும் குளூக்கோசாக எண்ணும், அதை முதலில் வெறும் கலக்ரோசுக் கரைசலில் சோதியுங்க.

---

செங்கலடி_பால்

பால் பக்கத்தையும் யாராவது சொல்ல வேணும்.

ஒரு லீற்றர் பாலில் லக்ரோஸ் ஏறக்குறைய 48 கிராம், அது 140 மில்லிமூல். 24 மணிநேரத்தில் 80% உடைக்க நிமிடத்துக்குச் சராசரியாக 78 மைக்ரோமூல் வேணும். உங்கட பாய் ஒரு கிராம் 6 பாகையில் லக்ரோஸுக்கு 40 அலகு தருகிறது என்று வையுங்க. கணக்குப்படி 2 கிராம். லக்ரோஸ் குறையக் குறைய, கலக்ரோசு கூடக் கூட வேகம் விழும், அதனால் 5 கிராம் வையுங்க. ஒற்றை ஊசியில் 80 மி.கி.க்கு இரண்டரை மணிநேரம் என்றால் 5 கிராமுக்கு 150 மணிநேரத்துக்கு மேல். இது ஒரு லீற்றருக்கு. இந்தக் கணக்கை ஆய்வு முன்மொழிவிலேயே எழுதிவிடுங்க, கேட்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

பாலைப் பாயின் ஊடாகத் தள்ளாதீங்க. பாயின் துளைகள் ஒரு மைக்ரோமீற்றர் மட்டில். எருமைப் பாலின் கொழுப்புக் கோளம் சராசரியாக 4–5 மைக்ரோமீற்றர், பசுப் பாலைவிடப் பெரியது. கடைந்து கொழுப்பு எடுத்த பிறகும் மிஞ்சும் கொஞ்சம் பத்து நிமிடத்தில் பாயை அடைக்கும். கேசீன் திரள்கள் 100–300 நனோமீற்றர், அவை உள்ளே போய்ப் படியும். பாயை ஒரு பிளாஸ்ரிக் வலையோடு சேர்த்துச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்து, பால் பாயின் மேலால் வழுக்கிப் போக விடுங்க. லக்ரோஸ் சின்ன மூலக்கூறு, தானே உள்ளே பரவும்.

பாலை 72 பாகையில் 15 செக்கன் பாஸ்டராக்கிக் குளிரவைத்த பிறகுதான் குழாய்க்குள் விடணும். 24 மணிநேரம் பால் நிற்கும் குழாய், கிருமிக்கு நல்ல வீடு. நொதியம் இருப்பதால் சூடான கோஸ்ரிக் கழுவல் செய்ய முடியாது. ஒவ்வொரு சுழற்சிக்கும் பிறகு குளிர்ந்த பொற்றாசியம் பொசுபேற்று, அடுத்து 0.5 மோலர் பொற்றாசியம் குளோரைட்டு, திரும்பப் பொசுபேற்று. தொழிற்பாடு விழுந்தால் நொதியம் செத்ததா, மேலே கேசீன் படிந்ததா என்பதைக் கழுவிய பிறகு ஓஎன்பிஜியில் பார்த்தால் தெரியும். கழுவியதும் திரும்பினால் படிவு.

உடைந்த அளவை வேகமாக அறிய உறைநிலைமானி நல்லது, பாலில் தண்ணீர் கலந்ததா என்று பார்க்கப் பால் சேகரிப்பு நிலையங்களில் வைத்திருப்பார்கள். ஒரு லக்ரோஸ் உடைந்து இரண்டு சீனியாகும்போது கரைந்த துகள்கள் கூடும். முழுதும் உடைந்தால் உறைநிலை 0.26 பாகை கீழே இறங்கும். இடையில் நேர்விகிதம்தான், 0.13 இறங்கினால் பாதி உடைந்திருக்கு.

குழாய் மாதிரி வேலை முன்பும் நடந்திருக்கு. 1970களில் இத்தாலியில் மிலான் நகரப் பால் நிலையத்தில் செலுலோஸ் ட்ரைஅசிற்றேற்று நூலுக்குள் அடைத்த லக்ரேஸால் பாலை நடத்தினார்கள். அது நனோ இழையில்லை, தடித்த நூல். நொதியத்தை உள்ளே வைப்பதும் முடியாத காரியமில்லை என்பதற்காகச் சொல்றன், ஆனால் அந்த நூல் தண்ணீரில் கரையாத பல்பகுதியம், பிவிஏ மாதிரியில்லை. இன்றைக்குக் கடைகளில் விற்கும் லக்ரோஸ் குறைத்த பால் பெரும்பாலும் கரைந்த நொதியத்தை நேரே பாலில் விட்டே செய்யப்படுகிறது, நொதியத்தின் விலை அவ்வளவு இறங்கிவிட்டது. அதனால் உங்கட பாய் எத்தனை சுழற்சி தாங்குது என்பதுதான் அதன் பெறுமதி. பத்துச் சுழற்சி பரிசோதனைக்குப் போதும். கரைந்த நொதியத்தோடு விலையில் போட்டிபோடப் போதாது.

பன்னீர் மாதிரி அமிலம் விட்டுத் திரித்த பாலின் தெளிந்த நீரையும் யோசியுங்க. பிஎச் 5 மட்டில், கொழுப்பும் கேசீனும் அனேகமாக இல்லை, பாய் அடைக்காது. அதற்கு அஸ்பெர்ஜிலஸ் ஒரைசே லக்ரேஸ் எடுக்கணும், பிஎச் 4.5–5 அதற்குப் பிடித்த இடம். குளுய்வரோமைசிஸ் அங்கே நிற்காது.

---

ஒலுவில்_இழை

பால் உணவு என்பதால் ஒன்று சேர்க்கிறன். குளூட்டரால்டிகைட்டே இல்லாமலும் செய்யலாம். 98–99% பிவிஏ கரைசலில் பிவிஏ நிறையில் 10% சிற்றிக் அமிலம் சேர்த்து, கைட்டோசான் இல்லாமல் நூற்று, 140 பாகை அடுப்பில் ஒன்றரை மணிநேரம் வையுங்க. எசுத்தர் பிணைப்பு வரும், இழை தண்ணீரில் நிற்கும், பரப்பில் காபொட்சில் கூட்டங்கள் மிஞ்சும். லேசான மஞ்சள் சரி, மண்ணிறமானால் சூடு கூடிப்போச்சு. அடுப்பின் காட்டியை நம்பாமல் பாய்க்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானி வையுங்க.

பிறகு 0.1 மோலர் எம்ஈஎஸ் தாங்கலில், பிஎச் 5.5இல், காபொட்சிலை நொதியத்தோடு பிணையத் தூண்டும் ஈடிசி 50 மில்லிமோலர், என்எச்எஸ் 25 மில்லிமோலர், 30 நிமிடம். குளிர்ந்த தாங்கலில் ஒரு தடவை விரைவாகக் கழுவி உடனே நொதியத்துக்குள். மெதுவாகக் கழுவிக்கொண்டு நின்றால் உயிர்ப்பான எசுத்தர் தண்ணீரிலேயே உடைந்துவிடும். அசற்றேற்று, திரிஸ் இரண்டும் இந்த இடத்தில் ஆகாது. ஈடிசி போத்தலை குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததும் திறக்காதீங்க. அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு திறந்தால்தான் உள்ளே ஈரம் படியாது, மாரியில் இது இன்னும் முக்கியம்.

---

வந்தாறுமூலை_மாணவி

கட்டுப்பாட்டுக் குழாய் வைத்துப் பார்த்தேன். பாய் போடாத நொதியம் 14 மணிநேரத்தில் 200இலிருந்து 188க்கு இறங்கியது. மிச்சக் கரைசலும் கழுவிய நீரும் சேர்த்து 131. கசிவுச் சோதனையில் 5ஆம், 25ஆம் நிமிடங்கள் ஒன்றாகவே இருந்தன. பாயை இரண்டு வாரம் எப்படி வைப்பது? உலர்த்தலாமா?

---

வாவிக்கரை

188இல் 131 போக 57, அதில் 24. ஏறியதில் 42% வேலை செய்யுது, நல்ல பாய்.

வெறுமனே உலர்த்தாதீங்க. தண்ணீர் போகும்போது துணையலகுகள் குலையும், இழைகளும் ஒட்டும். 50 மில்லிமோலர் பொற்றாசியம் பொசுபேற்று, 1 மில்லிமோலர் மகனீசியம் குளோரைட்டு, அதில் 40% கிளைசரோல், 4 பாகை. நூற்கும்போது விரட்டிய கிளைசரோலை இப்ப கூப்பிடலாம், குறுக்குப் பிணைப்பு முடிந்துவிட்டது. பால் ஓடவிட முன் மூன்று தடவை கழுவி அதைப் போக்கிவிடுங்க. கிருமி தடுக்கும் நச்சான சோடியம் அசைட்டு போட்டு வைத்த பாயைப் பாலுக்கு எடுக்கவே கூடாது. உலர்த்தியே ஆகவேண்டும் என்றால் 10% ட்ரெஹலோசில் ஒரு மணிநேரம் ஊறவைத்து உறையவைத்து உலர்த்துங்க. ஒரு துண்டை அப்படிச் செய்து, ஒரு துண்டை கிளைசரோலில் வைத்து, 7ஆம் நாளும் 14ஆம் நாளும் இரண்டையும் ஒரே ஓஎன்பிஜி கரைசலில் அளவுங்க.